கடல் இல்லாத ஊரிலிருந்து பவளப்பாறைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: காட்பாடியில் சுற்றுலா ஏற்பாட்டுத் தொழில் செய்கிறேன். கோடை விடுமுறையில் குடும்பங்களையும் பள்ளி மாணவர்களையும் ராமேஸ்வரத்துக்கும் அந்தமானுக்கும் அனுப்புகிறேன். கண்ணாடிப் படகில் போய் வந்தவர்கள், பவளப்பாறை வெளுத்துக் கிடக்கிறது என்று குறைப்படுகிறார்கள். பருவநிலை மாற்றம்தான் காரணமாம். படகுக்காரர்களுக்கு நிபந்தனை போட்டால் கட்டணம் கூடும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?
- வாசகர், காட்பாடி

பதில்: அன்பரே, தனியாக எதுவும் செய்யாதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. இது தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

முதலில் கடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. நிறமும் பெரும்பங்கு உணவும் அவை தருபவை. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் கண்டது அப்படிப் பட்டினி கிடக்கும் பவளத்தை. அதற்கு இன்னும் உயிர் இருக்கலாம். சூடு தணிந்தால் பாசி திரும்பும். அந்த நேரத்தில் அதன் மேல் நங்கூரம் விழுந்தாலோ, யாராவது ஏறி நின்றாலோ பிழைப்பது கடினம்.

மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளிறல் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 1998, 2002 என்று இடைவெளி விட்டு வந்தது, பிறகு 2016, 2017, 2020, 2022, 2024 என்று நெருங்கிவிட்டது. தேறுவதற்குப் பவளத்துக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் அந்தத் திட்டில் படகு நிறுவனங்கள் வியாபாரத்தில் போட்டியாளர்கள்தான். ஆனாலும் பயணிகளிடம் ஒரு கட்டணம் வசூலித்துக் கடல் பூங்கா நிர்வாகத்திடம் செலுத்துகின்றன. பவளத்தின் நிலையைப் படகு ஊழியர்களே பார்த்துக் குறித்து அனுப்புகிறார்கள். பல இடங்களில் நங்கூரத்துக்குப் பதில் நிலையான மிதவையில் படகைக் கட்டுகிறார்கள். கடலை அவர்களால் குளிர்விக்க முடியாது. அடிபட்ட பவளத்துக்கு மேலும் அடி விழாமல் பார்த்துக்கொள்ள முடிகிறது.

அந்தமானில் ஜாலி பாய் தீவுக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. எல்லாப் படகுக்கும் ஒரே விதி என்பதால் அதனால் எந்த முகவரும் வாடிக்கையாளரை இழப்பதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு முகவர்களை ஒரு மாலை கூட்டுங்கள். பவளத்தின் மேல் நங்கூரம் போடாத, பயணிகளைப் பாறையில் இறக்காத படகுக்கு மட்டுமே ஆள் அனுப்புவோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அனைவரும் கையெழுத்திடுங்கள். கூடும் செலவை எல்லோரும் ஒரே அளவில் டிக்கெட்டில் சேருங்கள். ஆளுக்கு ஆள் கட்டணம் மாறாதபோது வாடிக்கையாளர் எந்தக் கடைக்குத் தாவுவார்?

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஏப்ரல், மே மாதங்களில்தான் கடல் சூடேறிப் பவளம் வெளிறுகிறது. நம் கோடை விடுமுறையும் அப்போதுதான். பள்ளிக் குழுக்களையாவது ஜனவரி, பிப்ரவரிக்கு மாற்றுங்கள். பிள்ளைகளுக்கும் நிறத்தோடு பார்க்கக் கிடைக்கும். தலைமையாசிரியர்களிடம் காரணத்தைச் சொன்னால் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

போட்டியாளர்கள் ஒன்றுசேர்வது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கழிவுநீரைத் தனியாகச் சுத்திகரிக்க வசதியில்லாத தோல் தொழிற்சாலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்திருக்கின்றன. ஆனால் அங்கே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. உங்கள் தொழிலில் அவ்வளவு தூரம் போக விடாதீர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பள்ளிகள் சுற்றுலாவை முடிவு செய்துவிடும். ஆகவே கூட்டத்தை அக்டோபருக்குள் நடத்திவிடுங்கள்.