குளிர் தாங்கும் பனை எது?

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் வைக்க எந்தப் பனை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னை ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் பனிக்காலத்தையே தாண்டாது. என் ஓட்டு சூசான் பனைக்குத்தான், அதாவது டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. சீனாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்கு வந்தது. நன்றாக வேர்பிடித்த மரம் மைனஸ் 10 டிகிரியைத் தாங்கும். காற்று அடிக்கும் இடத்தில் மட்டும் அதன் விசிறி இலை கிழிந்து தொங்கும். அங்கே இலை சிறுத்து விறைப்பாக இருக்கும் வாக்னேரியானஸ் வகை நல்லது.

கடையில் நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உள்ளே அழுகல், வேண்டாம். அப்புறம், இலையுதிர்காலத் தள்ளுபடியில் மயங்காதீர்கள். வசந்தத்தில் நட்டால்தான் குளிருக்குள் வேர் ஓடும். ஈரக் களிமண்ணா? மேடாக்கி நடுங்கள். குளிரோடு வேரில் தண்ணீரும் தேங்கினால் பிழைப்பது கஷ்டம்.