லூபஸ் கிட்னி பயாப்சி: கேள்வி பதில்

கேள்வி: தங்கைக்கு பயாப்சியில் கிளாஸ் 4 என்று வந்திருக்கிறது. கடைசிக் கட்டமா?

பதில்: இல்லை. எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் நோயான லூபஸில், கிட்னித் திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் பயாப்சி சொல்லும் கிளாஸ் என்பது புற்றுநோயின் கட்டம் மாதிரி ஏறிக்கொண்டே போகும் கணக்கு அல்ல, பாதிப்பின் வகை. ரத்தத்தை வடிகட்டும் குளோமருலஸ்களில் பாதிக்கும் குறைவானவற்றில் அழற்சி இருந்தால் 3. பாதியோ அதற்கு மேலோ என்றால் 4. வடிகட்டும் சவ்வு தடித்திருந்தால் 5. அது 3, 4 உடன் சேர்ந்தும் வரும். கிளாஸ் 6 தான் பெரும்பாலும் தழும்பாகிப்போன கிட்னி.

ரிப்போர்ட்டில் இன்னும் கீழே பாருங்கள். ஆக்டிவிட்டி 24-க்கு எவ்வளவு, கிரானிசிட்டி 12-க்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். முதலாவது மருந்துக்கு அடங்கக்கூடிய அழற்சி. இரண்டாவது தழும்பு, அது திரும்பாது. கிளாஸ் 4-லேயே ஆக்டிவிட்டி 14, கிரானிசிட்டி 1 என்று இருந்தால் உடனே வைத்தியம் தொடங்கிக் காப்பாற்ற நிறைய இருக்கிறது. ஆக்டிவிட்டி 3, கிரானிசிட்டி 9 என்றால் நிலைமை வேறு.

கேள்வி: ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) 0.8, வீக்கம் இல்லை. சிறுநீரில் ஒரு நாளைக்குப் புரோட்டீன் 0.7 கிராம். இதற்குப் போய் பயாப்சியா?

பதில்: ஆமாம். 0.5 கிராமைத் தாண்டி நீடித்தாலே யோசிக்க வேண்டும். கிரியேட்டினின் நார்மலாக இருக்கும்போதே திசுவில் கிளாஸ் 4 இருக்கலாம்.

கேள்வி: எப்படியும் ஸ்டீராய்டும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட்டும்தானே கொடுக்கப்போகிறார்கள்? பயாப்சி வீண் என்பேன்.

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கிராம் புரோட்டீன் தீவிர அழற்சியாலும் போகும், பழைய தழும்பாலும் போகும். ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி உள்ளவர்களுக்குச் சிறு ரத்தக்குழாய்களில் உறைவு ஏற்பட்டும் போகும். மூன்றுக்கும் ஒரே வைத்தியமா? வெறும் தழும்புக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டினால் தொற்றுதான் மிச்சம்.

கேள்வி: சரி, முதல் பயாப்சி இருக்கட்டும். சிறுநீர் சுத்தமான பிறகும் இரண்டாவது எதற்கு?

பதில்: எல்லோருக்கும் வேண்டாம். ஆனால் மருந்தை நிறுத்த நினைக்கும்போது உதவும். சிறுநீர் சுத்தமாகியும் உள்ளே அழற்சி தொடர்வதுண்டு. அழற்சி அடங்கியும் புரோட்டீன் போய்க்கொண்டிருப்பதுண்டு. சிறுநீரை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறலாம்.

கேள்வி: 4-ஐ விட 5 மோசமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். கிளாஸ் என்பது வகை, கட்டம் அல்ல.

கேள்வி: எனக்குக் கிளாஸ் 3. அடுத்து 4-தானா?

பதில்: மாறலாம், இன்னும் லேசான வகையான 2 ஆகவும் மாறலாம். இது படி அல்ல என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: முடி கொட்டுகிறது.

பதில்: உங்கள் வாதநோய் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் பயாப்சி. மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் போடலாமா?

பதில்: கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து ஒரு பக்கம், கிட்னிக்கே கெடுதல் மறுபக்கம். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுத்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மைக்கோஃபெனோலேட் எடுக்கிறேன், குழந்தைக்கு முயற்சி செய்யலாமா?

பதில்: இந்த மருந்தோடு கூடாது, கருவைப் பாதிக்கும். குறைந்தது 6 வாரம் முன்பே அசதயோப்ரின் போன்ற மருந்துக்கு மாற்றி, நோய் அடங்கியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவரை கருத்தடையை விடாதீர்கள்.