'பாரசைட்' படத்தில் மேல் வீடும் கீழ் வீடும்: கேள்வி பதில்

பாங் ஜூன் ஹோ இயக்கி 2019-ல் வந்த கொரியப் படம் 'பாரசைட்' பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாதி நிலத்தடி வீட்டில் வாழும் ஏழை கிம் குடும்பம், தங்கள் உறவை மறைத்து, பணக்கார பார்க் வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்வதுதான் கதை. கிம் வீட்டு அப்பா அங்கே டிரைவர். முடிவு வரை பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா, பணக்கார பார்க் குடும்பம் நல்லவர்களாகத்தானே இருக்கிறார்கள்? அப்புறம் ஏன் அவர்கள் மேல் கோபம் வருகிறது?

பதில்: நல்லவர்கள்தான். பார்க் யாரையும் அடிப்பதில்லை, சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் இல்லை. பல படங்களில் பணக்காரன் கெட்டவனாக இருப்பான். அவன் திருந்தினாலோ அடி வாங்கினாலோ பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நாமும் நிம்மதியாக எழுந்து வந்துவிடுவோம். பாங் அந்த நிம்மதியைத் தருவதில்லை. டிரைவர் எல்லை தாண்டக் கூடாது என்பதுதான் பார்க்கின் ஒரே எதிர்பார்ப்பு. எல்லை எங்கே இருக்கிறது என்பதை அவர் மட்டுமே முடிவு செய்கிறார். கையில் இவ்வளவு பணம் இருந்தால் நான் இவர்களைவிட நல்லவளாக இருப்பேன் என்று கிம் வீட்டு அம்மா ஒரு காட்சியில் சொல்கிறாள். எனக்கு அது முழு உண்மையாகப் படுகிறது.

கேள்வி: மேடம், கிம் குடும்பம் இருக்கிற பாதி நிலத்தடி வீடு நிஜமா, செட்டா?

பதில்: படத்தில் இருப்பது செட். தெருவையே ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் கட்டி, பிறகு தண்ணீர் விட்டு மூழ்கடித்தார்கள். ஆனால் சியோலில் அப்படிப்பட்ட வீடுகள் நிஜமாகவே இருக்கின்றன. பான்ஜிஹா என்று பெயர். வட கொரியாவோடு பதற்றம் முற்றியிருந்த நேரத்தில், 1970-ல், புதிய கட்டடங்களில் பதுங்குவதற்கு நிலவறை வேண்டும் என்று விதி வந்தது. அதை வாடகைக்கு விட முதலில் அனுமதி இல்லை. 1980-களில் நகரத்தில் வீட்டுப் பஞ்சம் வந்தபோது ஏழைகள் அங்கே குடியேறினார்கள்.

கழிப்பறை மேடை மேல் ஏறி, கூரையை ஒட்டி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வீடே தெருவுக்குக் கீழே இருக்கிறது. கோப்பையையும் தரையில் வைத்தால் கழிவுநீர் வெளியே போகாமல் திரும்பி வரும். அந்த வீட்டில் உயரமான இடம் அதுதான். வைஃபை கிடைப்பதும் அங்கேதான்.

2022 ஆகஸ்டில் சியோலில் கொட்டிய மழையில் இப்படி ஒரு வீட்டில் சிக்கி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருத்திக்கு 13 வயது. அதற்குப் பிறகுதான் இந்த வீடுகளைப் படிப்படியாக ஒழிக்கப் போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு படத்தின் வெள்ளக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுமி ஞாபகம்தான் வருகிறது.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?

பதில்: அந்த மழை இரவும் மறுநாள் காலையும். அப்பா, மகன், மகள் மூவரும் பார்க் வீட்டிலிருந்து இறங்கி ஓடுகிறார்கள். படிக்கட்டு, சுரங்கப்பாதை, மறுபடியும் படிக்கட்டு. தண்ணீரும் அவர்களோடு கீழே ஓடுகிறது. வீட்டுக்குள் வெள்ளம். அன்றிரவு உடற்பயிற்சிக் கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு படுக்கிறார்கள். காலையில் பார்க்கின் மனைவி காரில் உட்கார்ந்து, மழை பெய்ததால் வானம் தெளிந்தது, தோட்டத்தில் விருந்து வைக்கலாம் என்று போனில் சந்தோஷப்படுகிறாள். வண்டி ஓட்டுவது வீட்டை இழந்த கிம். அப்புறம் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை இறக்குகிறாள்.

கேள்வி: கடைசியில் கிம் ஏன் பார்க்கைக் குத்துகிறார்? எனக்கு அது ஒட்டவில்லை.

பதில்: கிம் குடும்பத்தின் மேல் வீசுவதாகப் பார்க் வீட்டார் முகம் சுளிக்கும் வாடையைத் தொடர்ந்து கவனித்து வந்தால் ஒட்டும். சோப்பை மாற்றலாமா என்று வீட்டில் யோசிக்கும்போது, இது இந்த வீட்டு வாடை, வேறு வீட்டுக்குப் போனால்தான் போகும் என்கிறாள் மகள். கடைசியில் அவள் குத்துப்பட்டுக் கிடக்கிறாள். அவளைக் குத்தியவன், பார்க் வீட்டு நிலவறையில் ரகசியமாக ஒளிந்து வாழ்ந்தவன். பார்க்கோ கார் சாவிக்காக அவன் உடலைப் புரட்டும்போது மூக்கைப் பொத்துகிறார். அதைப் பார்த்த கிம்முக்கு, தன்னைப் பார்த்தே பொத்தியதாகத் தோன்றுகிறது.

கேள்வி: ஏழைகள் ஏன் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள்?

பதில்: மேலே ஒரு குடும்பத்துக்கு வேலை செய்ய மட்டுமே இடம் இருக்கிறது. நிலவறைக்காரனும் கிம்மும் தைவான் கேக் கடை வைத்து நொடித்துப்போனவர்கள். ஒரே கதை இரண்டு பேருக்கு.

கேள்வி: இது 'மின்சார கண்ணா' காப்பி என்கிறார்களே அண்ணன்மார்கள்?

பதில்: 2020-ல் படம் ஆஸ்கார் வாங்கியதும் தயாரிப்பாளர் பி.எல். தேனப்பன் வழக்குப் போடப் போவதாகச் சொன்னார். உறவை மறைத்துக் குடும்பமே ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்வது இரண்டிலும் உண்டு. ஆனால் 1999-ல் வந்த நம் படத்தில் அது காதலில் ஜெயிக்க ஒரு வழி. இங்கே சோற்றுக்கு வழி. பாங் கல்லூரிக் காலத்தில் ஒரு பணக்கார வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்தவர். படத்தின் விதை அங்கே இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் காப்பி என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: கிம்மின் மகன் பார்க் வீட்டை வாங்கிவிடுவான் என்று நம்பலாமா அக்கா?

பதில்: எனக்கும் நம்ப ஆசைதான். ஆனால் சாதாரணச் சம்பளத்தில் அதை வாங்க ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று பாங் கணக்குச் சொல்லியிருக்கிறார். அவன் வீடு வாங்குவதையும், கொலைக்குப் பிறகு அந்த வீட்டு நிலவறையில் ஒளிந்த அப்பா மேலே ஏறி வருவதையும் வெயிலோடு காட்டிவிட்டு, படம் பழைய ஜன்னலுக்கே திரும்புகிறது. முதல் காட்சியில் இறங்கியது போலவே கேமரா அங்கிருந்து கீழே இறங்குகிறது. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தோடு அவன் அதே இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே பனி பெய்கிறது.