அறிவுக்கு எத்தனை புள்ளி? – கடையில் சேர்ந்த கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வேலை முடிந்தாலும் எழும்ப மாட்டார்கள், கேம் கதை தொடங்கிவிடும். போன கிழமை இரண்டு தம்பிமாருக்குள் சண்டை. ஒரு பாத்திரத்தை வளர்த்து விளையாடும் ஆர்பிஜி கேம்களில் இன்ரெலிஜென்ஸுக்கு, அதாவது பாத்திரத்தின் அறிவுக்கு, புள்ளி போடுவது வீண் என்றான் ஒருவன். அது இல்லாமல் விளையாடுகிறவன் மடையன் என்றான் மற்றவன். இருவரும் வெவ்வேறு கேமை மனதில் வைத்துக் கதைத்தார்கள் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. கேள்விகளை எழுதித் தாருங்கள், ஆறுதலாகப் பதில் சொல்கிறேன் என்றேன். சேர்ந்தவை இவை.

மல்லாவி, ஏ.எல் எழுதிவிட்டு இருக்கும் தம்பி: அண்ணை, பழைய லாப்டொப்பில் ஃபோல்அவுட் 3 ஓடுது. தொடக்கத்தில் அறிவுக்கு எவ்வளவு போடட்டும்? பிறகு கூட்டலாம்தானே?

பிறகு கூட்டலாம், ஆனால் விட்டது விட்டதுதான். அந்தக் கேமில் ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் 10 புள்ளியும், அதோடு உன் அறிவு எவ்வளவோ அவ்வளவும் கிடைக்கும். அந்தப் புள்ளிகளைத்தான் துப்பாக்கி, பூட்டு உடைத்தல், மருத்துவம் என்று பிரித்துப் போடுகிறாய். அறிவு 9 என்றால் லெவலுக்கு 19, அறிவு 1 என்றால் 11. கேம் முதலில் வந்தபோது லெவல் உச்சம் 20. அதுவரை 19 தரம் ஏறுவாய். கணக்குப் பார்த்தால் 361க்கும் 209க்கும் இடையில் 152 புள்ளி வித்தியாசம். ஒரு திறமையின் உச்சமே 100தான். 15ஆம் லெவலில் அறிவைக் கூட்டினால் முன்னைய லெவல்களுக்கு யாரும் நிலுவை கட்டமாட்டார்கள். தென்னம்பிள்ளை வைக்கிற மாதிரி, முந்தி வைத்தவன்தான் இளநீர் குடிப்பான்.

9இல் தொடங்கினால் போதும். ரிவெட் சிட்டியின் ஆய்வுகூடத்தில் ஒரு தலையாட்டிப் பொம்மை இருக்கிறது. அதை எடுத்தால் அறிவில் 1 கூடும். 10 போட்டுத் தொடங்கினால் அந்தப் பொம்மை வீண்.

இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்று உண்டு. 1997இல் வந்த முதல் ஃபோல்அவுட்டிலும் அடுத்த வருடம் வந்த இரண்டாவதிலும், லெவலுக்கு 5 புள்ளியோடு அறிவின் இரண்டு மடங்கு கிடைத்தது. மூன்றாவதில் ஒரு மடங்கு. 2010இல் வந்த நியூ வேகாஸில் 10 புள்ளியோடு அறிவில் பாதி. அதாவது அதே ஒரு அறிவுப் புள்ளி லெவலுக்கு 2 தந்தது, பிறகு 1 தந்தது, பிறகு அரை. கச்சான் சுருளின் விலை அதேதான், உள்ளே கச்சான் மட்டும் குறைந்துகொண்டு போகிறது. அதனால் நியூ வேகாஸில் 9, 10 என்று நிற்காதே. அங்கே ஒவ்வொரு லெவலிலும் கூடுதலாக 2 புள்ளி தரும் எஜுகேட்டட் என்ற பேர்க்குக்கு (லெவல் ஏறும்போது தெரிவு செய்யும் தனித்திறன்) அறிவு 4 இருந்தால் போதும். நான் 5 அல்லது 6இல் விட்டுவிட்டு மிச்சத்தை வேறு பக்கம் போடுவேன்.

புதுக்குடியிருப்பு: நான் ஃபோல்அவுட் 4இல் அறிவு 10 போட்டன். திறமைப் புள்ளியே வரேல்லை. கேம் பழுதா?

பழுதில்லை. நாலாவதில் திறமைப் புள்ளி என்ற வழக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அங்கே ஒவ்வொரு அறிவுப் புள்ளிக்கும் அனுபவம் 3 சதவீதம் கூடும், அவ்வளவுதான். மற்றப்படி அறிவு ஒரு படலைத் திறப்பு. துப்பாக்கியை மாற்றியமைக்கும் கன் நட் பேர்க்குக்கு அறிவு 3, சயன்ஸ் பேர்க்குக்கு 6. அந்தப் படலையைத் தாண்டினால் போதும், மேலே ஏற அவசரமில்லை.

அதே கேமில் இடியட் சவான்ட் என்று ஒரு பேர்க் இருக்கிறது. லக் 5 இருந்தால் எடுக்கலாம். எடுத்தால், எப்போதாவது ஒரு வேலைக்கு மூன்று மடங்கு அனுபவம் கிடைக்கும். அறிவு எவ்வளவு குறைவோ அவ்வளவு அடிக்கடி கிடைக்கும். மடையனுக்குத்தான் அதிர்ஷ்டம் என்று எங்கள் ஊரில் பொறாமையில் சொல்வோமே, அதைக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாங்குளம், வயல் செய்யும் அண்ணர்: மகனோடு சேர்ந்து ஒப்ளிவியன் விளையாடுறன் தம்பி. அறிவு, வில்பவர் ரெண்டும் மந்திரத்துக்கு எண்டு எழுதிக் கிடக்கு. எது என்ன செய்யுது?

அண்ணை, உங்களுக்கு இது எல்லாரையும் விட லேசாக விளங்கும். இரணைமடுவை நினையுங்கோ. அறிவு என்பது குளத்தின் கொள்ளளவு. வில்பவர் என்பது கனகராயன் ஆற்றால் வருகிற நீர்வரத்து. ஒப்ளிவியனில் உங்கள் அறிவின் இரண்டு மடங்குதான் அடிப்படை மந்திரச் சக்தி. அறிவு 50 என்றால் 100. அது செலவழிந்த பிறகு எவ்வளவு கெதியாக மீண்டும் நிரம்பும் என்பதை வில்பவர் முடிவு செய்கிறது. பெரிய மந்திரம் ஒன்றை ஒரே தடவையில் விட வேண்டுமானால் கொள்ளளவு வேண்டும். சின்னச் சின்ன மந்திரமாக நாள் முழுக்க விடுகிறவனுக்கு நீர்வரத்துப் போதும்.

அதே வரிசையில் இதற்கு முன் 2002இல் வந்த மோரோவிண்டில் நிலைமை வேறு. அங்கே சும்மா நடந்து திரிந்தால் சக்தி ஏறாது. படுத்து ஓய்வெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து குடிக்க வேண்டும். மழையில்லாத சிறுபோகம் மாதிரி, இருக்கிற தண்ணீரை எண்ணி எண்ணித் திறக்க வேண்டும். அதனால் அங்கே அறிவின் பெறுமதி இன்னும் அதிகம். அந்தக் கேமில் பேர்போன ஒரு ஓட்டையும் உண்டு. மருந்தின் வீரியம் அறிவைப் பொறுத்தது, அறிவைக் கூட்டும் மருந்தும் காய்ச்சலாம். காய்ச்சிக் குடித்து, கூடிய அறிவோடு இன்னும் வீரியமாகக் காய்ச்சி, அதையும் குடித்து... எண்ணிக்கை வானத்துக்குப் போய்விடும். ஒரு தரம் செய்து பார்த்துச் சிரித்துவிட்டு, சேவ் பண்ணாமல் வெளியே வாருங்கோ. சேவ் பண்ணினால் பிறகு விளையாட ஒன்றும் மிஞ்சாது.

2011இல் அதே வரிசையின் அடுத்த கேமான ஸ்கைரிம் வந்தபோது அறிவு என்ற எண்ணையே தூக்கிவிட்டார்கள். உடல்நலம், மந்திரச் சக்தி, தெம்பு என்று மூன்றே மூன்று. பலர் இதைத் திட்டுவார்கள். எனக்குக் குறையாகத் தெரியவில்லை. குளத்தைப் பெருப்பிக்க வேண்டுமென்றால் நேரே குளத்தைத்தானே வெட்ட வேண்டும்?

வவுனியா, பல்கலைக்கழக மாணவி: எல்டன் ரிங்கில் மூன்வெய்ல் வாள் எடுத்துவிட்டேன். அறிவை 23இல் நிறுத்தலாமா, இன்னும் ஏற்றவா? மந்திரமும் இரண்டு தரம் விட்டால் சக்தி தீர்ந்துவிடுகிறது.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய் தங்கச்சி. இரண்டாவதற்கு முதலில் பதில். மேலே சொன்ன குளக்கதையை இங்கே கொண்டு வந்தால் பிழைத்துப் போகும். எல்டன் ரிங்கில் கொள்ளளவு என்பது மைண்ட், இன்ரெலிஜென்ஸ் அல்ல. அறிவு இங்கே மந்திரத்தின் உறைப்பையும், எந்த மந்திரத்தைப் பாவிக்க உனக்குத் தகுதி இருக்கிறது என்பதையும்தான் தீர்மானிக்கிறது. சக்தி தீர்கிறது என்றால் மைண்டில் போடு.

வாளுக்கு 23 என்பது கையில் பிடிக்கத் தேவையான அளவு. அதன் வெட்டு அறிவோடு சேர்ந்து கூடும், அதனால் அங்கேயே நின்றால் வாள் கோபிக்கும். கல் வீசும் மந்திரமான ரொக் ஸ்லிங்குக்கு 18 போதும். உன்னிடம் இப்போதே அந்த அளவு இருக்கிறது, கல் வீசிப் பார். பெரிய ராட்சதர்களுக்கு அது நல்ல மருந்து. கொமெட் அஸூர் என்ற மந்திரத்துக்கு 60 வேண்டும். 80ஐத் தாண்டினால் ஒரு புள்ளிக்குக் கிடைக்கிற பலன் சுருங்கிவிடும்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் விகர், அதாவது உயிரின் அளவைக் கூட்டும் எண். ஒரே அடியில் விழுகிற மந்திரவாதியின் அறிவை வைத்து என்ன செய்வது? எனது முதல் பாத்திரம் அறிவு 50, விகர் 15. தொடக்கத்தில் வரும் பெரிய எதிரியான மார்கிட்டுக்கே திரும்பத் திரும்பப் பயந்தவர்களைக் கேலி செய்த நான், பிறகு சாதாரண நாயிடம் செத்தேன். பிழை விட்டாலும் கவலையில்லை. ரெனாலா என்ற எதிரியை வென்ற பிறகு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் புள்ளிகளை எல்லாம் கலைத்து மீண்டும் போடலாம்.

ஒட்டுசுட்டான்: போனில் எமுலேட்டர் போட்டு 1987ஆம் ஆண்டு வந்த முதல் ஃபைனல் ஃபன்டசி விளையாடுறன். கறுப்பு மந்திரவாதிக்கு அறிவு ஏறிக்கொண்டே போகுது, மந்திரம் மட்டும் பழைய அடிதான். என்ன பிழை செய்யிறன்?

நீ ஒரு பிழையும் செய்யவில்லை. கம்பி இழுத்து, மீட்டர் பூட்டி, லைன் கொடுக்காத வீட்டைப் பார்த்திருக்கிறாயா? அதுதான் இது. அந்தப் பழைய நின்டென்டோப் பதிப்பில் அறிவு எண் திரையில் ஏறும், மந்திரக் கணக்கு அதை எடுத்துப் பார்க்கவே மாட்டாது. நிரல் எழுதியதில் வந்த வழு. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோசப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

விசுவமடு, ஓர் அம்மா (மகனின் போனைத் தந்துவிட்டுக் கேட்டது): நாள் முழுக்க உதுக்குள்ள அறிவைக் கூட்டுறன் எண்டு சொல்லுறான். உண்மையா இவன்ர அறிவு கூடுமோ தம்பி?

அம்மா, கேமுக்குள் கூடுவது கேமோடு. ஆனால் அவனிடம் ஐந்தோடு ஏழின் இரண்டு மடங்கைக் கூட்டினால் எவ்வளவு என்று திடீரென்று கேட்டுப் பாருங்கோ. யோசிக்காமல் 19 என்பான். பள்ளிக்கூடக் கணக்கையும் அப்படிச் செய்கிறானா என்பது நீங்கள் பார்க்க வேண்டிய விசயம்.

முல்லைத்தீவு: பால்டர்ஸ் கேட் 3இல் எல்லாரும் அறிவை 8இல் விடச் சொல்லுறாங்கள். உண்மையிலேயே உதவாதா?

மந்திரவாதியாக இல்லாவிட்டால் பெரிதாக உதவாது. இதற்குக் காரணம் அந்தக் கேம் பின்பற்றும், மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அறிவு கூடினால் யாராக இருந்தாலும் லெவலுக்குத் திறமைப் புள்ளி கூடும், வாள்வீரன்கூட யோசித்துத்தான் குறைப்பான். 2008இல் வந்த நாலாம் பதிப்பில் அந்தத் தொடர்பை வெட்டிவிட்டார்கள், இந்தக் கேம் பின்பற்றும் 2014இன் ஐந்தாம் பதிப்பிலும் அது இல்லை. அதற்குப் பிறகு அறிவு மந்திரவாதியின் தனிச்சொத்து மாதிரி ஆகிவிட்டது. இது அந்த விதிகளின் பலவீனம் என்பது என் கருத்து. ஆறு குணங்களில் ஒன்றை இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கிறார்கள் என்றால் பிழை விளையாடுகிறவனில் இல்லை.

இன்னொன்று. அந்தக் கேமின் ப்ளைட்டட் வில்லேஜ் என்ற ஊரில் லம்ப் என்று ஒரு ராட்சதன் இருப்பான், கூட நிற்கும் மற்ற இரண்டு ராட்சதரை விட வடிவாகக் கதைப்பான். அவனிடம் இருக்கும் தலைப்பட்டியைக் கட்டினால் அறிவு நேரே 17 ஆகிவிடும். 8 உள்ளவனுக்கும் 17, 16 உள்ளவனுக்கும் 17. அதனால் சிலர் மந்திரவாதியைக்கூட 8இல் தொடங்குகிறார்கள். எனக்கு மனம் வராது. பட்டி கிடைக்கும் வரை அவன் விடும் மந்திரத்தைப் பார்த்து பூதமே சிரிக்கும்.

இரண்டாம் பால்டர்ஸ் கேட்டில் 8இல் விட்டவர்களைக் கேட்டுப் பார். மைண்ட் ஃபிளேயர் என்ற எதிரி ஒவ்வொரு அடிக்கும் அறிவில் 5 உறிஞ்சும், பூச்சியத்துக்கு வந்தால் மரணம். 8 உள்ள வீரனுக்கு இரண்டடி. உடம்பில் உயிர் நிறைய இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

நெடுங்கேணி: விஸ்டம், இன்ரெலிஜென்ஸ் ரெண்டும் ஒண்டுதானே?

நெல்லினங்களின் பெயர், வயது, விளைச்சல் எல்லாம் ஒப்புவிப்பது இன்ரெலிஜென்ஸ். மேற்கே கறுப்பதைப் பார்த்து அரிவு வெட்டு மெசினை இன்றைக்கே கூப்பிடுவது விஸ்டம். பிளேன்ஸ்கேப் டோர்மென்ட் விளையாடினால் விஸ்டத்தைத்தான் முதலில் ஏற்று. அனுபவமும் கூடும், மறந்துபோன பழைய ஞாபகங்களும் வரும்.

அதே ஆள்: பில்லர்ஸ் ஒஃப் எட்டேர்னிட்டியில் கோடரிக்காரனுக்கு அறிவு போடச் சொல்லுறாங்கள். பகிடியா?

பகிடியில்லை. அங்கே அறிவு கூடினால் ஒரு தாக்குதல் பரவும் பரப்பளவும் நீடிக்கும் நேரமும் கூடும். பார்பேரியன் வகைக் கோடரிக்காரனின் அடி பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சேர்த்து விழுகிற அடி. அறிவைக் கூட்டு, இன்னும் நாலு பேர் விழுவார்கள். மந்திரத்தின் பலத்தைக் கூட்டுவதோ மைட், பெயருக்கு உடல்வலு. பெயரைப் பார்த்துப் புள்ளி போடாதே என்று கடையில் நான் கத்துவது இதற்காகத்தான்.

பரந்தன்: அறிவை வேணுமெண்டே ஆகக் குறைச்சு விளையாடினால் என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 2004 அளவில் ஒரு பழைய பென்டியத்தில், ஜெனரேட்டர் ஓடுகிற நேரம் மட்டும், ஃபோல்அவுட் 2 விளையாடத் தொடங்கினேன். ஆங்கிலம் மட்டுமட்டு. பலம்தான் முக்கியம் என்று நினைத்து அறிவை 2இல் விட்டேன். யாரோடு கதைத்தாலும் என் பாத்திரம் "ஊ", "ம்ம்" என்றுதான் சொன்னது. சிடி பழுது என்று முடிவு கட்டி, கொப்பி பண்ணித் தந்தவனிடம் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தேன். பாவம், அவன் வேறு சிடி தந்தான். அதிலும் "ஊ".

உண்மையில் அறிவு 3 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தக் கேம் உன்னை அப்படித்தான் நடத்தும். ஆட்கள் பரிதாபப்படுவார்கள், துரத்துவார்கள், பல வேலைகள் உனக்குக் கிடைக்கவே கிடைக்காது. அர்க்கேனம் என்ற கேமும் இப்படித்தான். ஒரே கேமுக்குள் இரண்டாவது கேம் ஒளிந்திருக்கிறது. முதல் தடவை இப்படி ஆடாதே. ஒரு தரம் முடித்துவிட்டு ஆடு.

ஆடும்போது கிளமத் ஊரில் டோர் என்பவனைத் தேடிப் போ. மாடு மேய்ப்பவன், அறிவு மட்டம். புத்திசாலியாகப் போனால் அவன் தட்டுத்தடுமாறி இரண்டு சொல் சொல்வான், நீயும் பொறுமையிழந்து வந்துவிடுவாய். அறிவு 2 உள்ளவனாகப் போய்க் கதைத்துப் பார். இரண்டு பேரும் பேராசிரியர்கள் மாதிரிச் செந்தமிழில், அதாவது அவர்களுடைய செந்தமிழில், நீட்டி நிமிர்ந்து கதைப்பார்கள். அந்தச் சிடியில் எனக்கு முழு வசனமாக வந்த ஒரே பேச்சு அதுதான், அகராதியை வைத்துக்கொண்டு அதை வாசிக்க இரண்டு இரவு ஜெனரேட்டர் எண்ணெய் போனது.