வயிற்றுவலிக்கு மனோவசியமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு 26 வயது. நாலு வருஷமாக வயிற்றுவலி. சாப்பிட்டதும் முறுக்கிப் பிடிக்கிறது. சில நாள் ஆறேழு தடவை வெளிக்குப் போகிறாள், சில நாள் அடைத்துக்கொள்கிறது. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. ‘எல்லாம் நார்மல், இது ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்), மனசைத் தைரியமாக வைத்துக்கொள்’ என்கிறார்கள். அம்மா கோடாங்கியிடம் கூட்டிப்போனார். செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டார். இப்போது மதுரையில் ஒருவர் ஹிப்னாடிசம் செய்கிறாராம். பத்து சிட்டிங், ஐம்பதாயிரம் ரூபாய். போன பிறவியில் வயிற்றில் குத்துப்பட்டிருப்பாள், அதை வெளியே எடுத்துவிடலாம் என்கிறார். இது மருத்துவமா, வித்தையா? மயக்கத்தில் ஏதாவது உளறிவிடுவாளோ, அவர் சொன்னபடியெல்லாம் ஆடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பணத்தைக் கட்டலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். கடன் வாங்கியாவது கட்டுவோம் என்று அம்மா சொன்னாலும் கட்டாதீர்கள். கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் தங்கச்சிக்கு இருக்கிற இந்த நோய்க்கு ஹிப்னாடிசம் நிஜமாகவே உதவக்கூடியது. எனக்கு உதவியிருக்கிறது.

எனக்கும் இதே கோளாறுதான், ஒன்பது வருஷம். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுமுன் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் திரும்பிவிடுவேன். ‘எல்லாம் நார்மல்’ என்ற சொல் எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். வலி இருக்கிறது, ரிப்போர்ட்டில் இல்லை. அப்படியானால் நடிக்கிறாள் என்றுதானே வீட்டில் நினைப்பார்கள்? அவள் நடிக்கவில்லை. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓயாமல் செய்தி போய் வந்துகொண்டிருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது அளவுக்கு மீறி உரக்கக் கேட்கிறது. மற்றவர்கள் உணராத அசைவுகூட இவர்களுக்கு வலியாகத் தெரியும். எந்த ஸ்கேனும் அதைக் காட்டாது.

அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனநல மருத்துவரிடம் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். இருட்டறை இல்லை, ஊசலாடும் சங்கிலி இல்லை. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கண் தானாக மூடிக்கொண்ட பிறகு, கையை வயிற்றின்மேல் வைத்து அதன் சூடு உள்ளே இறங்குவதை உணரச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வைகையில் தண்ணி போறதை நினைச்சுக்கங்க. வெள்ளம் வேண்டாம், வறண்ட ஆறும் வேண்டாம். அழகர் எறங்குற அன்னைக்கு ஓடுமே, அந்த அளவு. உங்க குடலும் அப்படித்தான் போகுது.” வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது எனக்குக் கேட்டது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்ததும் கேட்டது. எழுந்துபோக வேண்டும் என்று நினைத்திருந்தால் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தினமும் வீட்டில் இதையே நானாகச் செய்து பழகச் சொன்னார். மூன்று மாதத்தில் வலி பாதியாயிற்று. முழுக்கப் போய்விடவில்லை. இப்போதும் மோசமான நாட்கள் வரும். ஆனால் பந்தியில் உட்காருகிறேன்.

அவர் செய்தது சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் ஹோர்வெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எந்த மருந்துக்கும் கேட்காத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளிடம் ஹிப்னாடிசத்தைச் சோதித்து 1984-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஏழே அமர்வுகள்தான். பேச்சு சிகிச்சையும் வெற்று மாத்திரையும் பெற்றவர்களைவிட ஹிப்னாடிசம் பெற்றவர்கள் வெகுவாகத் தேறினார்கள். பன்னிரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் கேட்காத ஐ.பி.எஸ்.ஸுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது.

இனி உங்கள் பயம். ‘அவர் சொன்னபடி ஆடுவாளோ’ என்பது 240 வருஷத்துக் கேள்வி. ஹிப்னாடிசத்துக்கு முன்னோடி மெஸ்மர் என்ற மருத்துவர். வியன்னாவிலிருந்து பாரீஸுக்கு வந்த அவர், தன் உடம்பிலிருந்து ஒரு காந்த சக்தி பாய்ந்து நோயைத் தீர்க்கிறது என்றார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதை விசாரித்தது. பெஞ்சமின் பிராங்ளின், லவாய்சியர் போன்ற பெரிய அறிவியலாளர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். பிராங்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘காந்தம்’ ஏற்றிவிட்டு, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ தள்ளி நின்றது. காந்தமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனை என்று குழு தீர்ப்பெழுதிவிட்டுப் போனது. சோதனை அருமையான சோதனை. ஆனால் வெறும் நினைப்பே ஒரு பையனைக் கீழே தள்ளும் என்றால், அதே நினைப்பு ஒருவரைத் தூக்கி நிறுத்தாதா? அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் நம் நாட்டுக்காரர். கோவாவில் கண்டோலிம் ஊரில் 1756-இல் பிறந்த பாதிரியார், அபே ஃபாரியா. போர்த்துகலில் அரசியின் முன்னால் பிரசங்கம் செய்ய ஏறி நாக்குளறி நின்றபோது, கீழே இருந்த அப்பா கொங்கணியில் ‘எல்லாம் வெறும் காய்கறி, வெட்டித் தள்ளு’ என்று முணுமுணுத்தாராம். மகனுக்குப் பேச்சு வந்துவிட்டதாம். கோவாவில் இன்றும் சொல்லும் கதை. ஒரு சொல் ஒருவனுக்குள் என்ன செய்யும் என்பதை அவர் அங்கேயே கற்றிருக்க வேண்டும். 1813-இல் பாரீஸில் ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, ‘தூங்குங்கள்’ என்ற சொல்லாலேயே அந்த நிலைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். என்னிடமிருந்து எதுவும் பாயவில்லை, எல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனத்திலேயே நடக்கிறது என்றார். ஊர் அவரைக் கேலி செய்தது. 1819-இல் ஏழையாக இறந்தார். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. கையை நீட்டி அவர் நிற்க, ஒரு பெண் கீழே சாய்கிறாள். எதை மறுத்து வாழ்நாள் முழுக்கப் பேசினாரோ, அதையே சிலையாக வடித்து வைத்திருக்கிறோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அவர் சொன்னதற்கு வங்காளத்திலேயே சாட்சி கிடைத்தது. 1845-இல் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், மயக்கமருந்து வருவதற்கு முன்பே, இந்த முறையில் நோயாளிகளை வலி தெரியாமல் அறுத்தார். முதல் ஆள் ஒரு கைதி. மணிக்கணக்கில் கையசைத்து நோயாளிகளை அந்த நிலைக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் உள்ளூர்க் கம்பவுண்டர்கள். தெய்வப்பிறவிக்கு மட்டுமே வாய்த்த சக்தியாக இருந்தால் அவர்களுக்கு எப்படி வந்திருக்கும்? சீக்கிரத்தில் ஈதரும் குளோரோஃபாரமும் வந்துவிட்டன. அதோடு இதை எல்லோரும் மறந்தார்கள்.

பெயரும் குழப்பியது. மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843-இல் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்று பெயர் வைத்தார். இது தூக்கமே இல்லை, மனம் ஒரே எண்ணத்தில் நிற்பது என்று பிறகு உணர்ந்து பெயரை மாற்றப் பார்த்தார், நடக்கவில்லை. நாமோ இன்னும் மோசமாக ‘மனோவசியம்’ என்றோம். வசியம் என்றால் ஒருத்தரை இன்னொருத்தர் கைக்குள் போட்டுக்கொள்வது. உங்கள் பயத்தில் பாதி இந்தச் சொல்லிலிருந்து வந்தது. அறிதுயில் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். பாம்பணையில் பெருமாள் கிடக்கும் கோலத்துக்கான பழைய சொல். நம் கூடலழகர் கோயிலில் இருந்த கோலம், நின்ற கோலத்தோடு அந்தக் கிடந்த கோலமும் உண்டு. பார்த்தால் உறக்கம், உள்ளே முழு அறிவு.

அப்படியானால் மேடையில் கோழிபோலக் கூவுகிறார்களே என்பீர்கள். சின்ன வயதில் தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி சமயம் ஒரு மேடைக்காரரைப் பார்த்தேன். முதலில் எல்லோரையும் விரல்களைக் கோத்து இறுக்கச் சொன்னார். பிரிக்க முடியாமல் தவித்த சிலரை மட்டும் மேலே அழைத்தார். சிலருக்கு இது மிக எளிதில் பலிக்கும், சிலருக்கு அறவே பலிக்காது, பெரும்பாலோர் நடுவில். அவர் அந்தச் சிலரைப் பொறுக்கிக்கொண்டார். மேடையும் கைதட்டலும் மீதியைச் செய்தன.

முற்பிறவி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நிலையில் இருப்பவருக்குக் கற்பனை பெருகும். கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதற்கேற்ற காட்சி எழும். பிறகு அது சொந்த நினைவுபோலவே உறுதியாக உட்கார்ந்துவிடும். இதனால்தான் ஹிப்னாடிசத்தில் நினைவூட்டப்பட்ட சாட்சியத்தை 1982-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 26 வயதுப் பெண்ணின் மனத்தில் நடக்காத ஒரு கத்திக்குத்தை நட்டுவைக்க ஐம்பதாயிரம் கேட்கிறார் அந்த ஆள்.

கோடாங்கியை நான் இழிவாகப் பேச மாட்டேன். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ராத்திரி முழுக்க உடுக்கைச் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சத்தத்தில் ஒரு பெண்ணின் பார்வை மெல்ல உள்ளே திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். மனத்தை ஒன்றில் குவிக்கும் வழி அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் செய்வினை என்று சொன்ன மறுநாளே ‘யார் வைத்தது’ என்ற பேச்சு வரும். பங்காளி வீட்டோடு உறவு முறியும். வலி அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் குடல் மருத்துவரிடம் மறுபடி போங்கள். இல்லையென்றால் பழைய ரிப்போர்ட்டுகளோடு பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போட்டுப் பேசிப் பாருங்கள். இந்த முறையில் பயிற்சி உள்ள மனநல மருத்துவரோ உளவியலாளரோ யார் என்று அங்கேயே கேளுங்கள். காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை எப்போதாவது இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; அவர்களுக்கு இது ஆகாது. ‘ஒரே நாளில்’, ‘என் சக்தி’ என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டாக்டர் சொன்னது, அம்மா செய்தது, கோடாங்கி சொன்னது, உங்கள் பயம் எல்லாம் அதில் இருக்கிறது. தங்கச்சி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளுக்கு மனம் இல்லையென்றால் எவ்வளவு தேர்ந்த மருத்துவராலும் இதைச் செய்ய முடியாது. இந்தப் பதிலை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கேட்க ஏதாவது இருந்தால் அவளே எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
அண்ணன்