கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த 1830களின் கொரியாவுக்குள் வெள்ளைக்கார ஆயர் லோரான் அம்பேர் எப்படி ஒளிந்து வாழ்ந்தார்?

துக்க உடைதான் காப்பாற்றியது. கொரியாவில் அன்று துக்கம் காப்பவர் முகத்தை மறைக்கும் அகலத் தொப்பி அணிவார், கையில் துணித்திரை பிடிப்பார். அவரிடம் பேச்சுக் கொடுப்பது மரியாதைக் குறைவு. வெளிநாட்டு முகத்துக்கு இதைவிட நல்ல மறைப்பு ஏது?

பிரெஞ்சுக்காரரான அம்பேர் 1837 டிசம்பரில், சீன எல்லையிலுள்ள யாலு ஆறு உறைந்திருந்தபோது எல்லை கடந்தார். சியோலில் ஒரே வீட்டில் தங்காமல் வீடு மாறிக்கொண்டே, விடியுமுன் பூசை வைத்தார். (அவருக்கு முன்பு கொரியாவுக்கு நியமிக்கப்பட்ட ஆயர் ப்ரூகியேர் 1835இல் வழியிலேயே இறந்துவிட்டார்.)

1839இல் அவர் ஒளிந்திருந்த இடமும் வெளிப்பட்டது. விசுவாசிகள் வதைபடுவதைத் தடுக்க ஆகஸ்டில் தானே பிடிகொடுத்தார். மோபான், ஷஸ்தான் என்ற இரு குருக்களையும் சரணடையச் சொல்லி எழுதினார். இந்த முடிவு இன்றும் விவாதத்துக்குரியது. செப்டம்பர் 21 அன்று, ஹான் ஆற்றங்கரையில் மூவரும் தலை வெட்டப்பட்டனர்.