மனச்சோர்வு மாத்திரை: 12 நாளில் நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை, சாப்பாடில்லை, யாரோடும் பேச்சில்லை. மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். 12 நாளாகிறது. வயிற்றைப் புரட்டுகிறது என்கிறார், வேறு மாற்றமில்லை. ‘அடிமையாகிடுவாங்க, நிறுத்திடு’ என்கிறார் சித்தி. நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வகை மாத்திரையில் தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். குமட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பிட்ட பிறகு போட்டால் குறையும். நான்கு வாரம் கழித்தும் மாற்றமே இல்லையென்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

அம்மா ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறாரா? அப்படியென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் எஸ்சிடலோபிராமும் சேர்ந்தால் உடலில் சோடியம் என்ற உப்பு குறையலாம். பேச்சில் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். அவையும் எஸ்சிடலோபிராமும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம்.

சித்தியின் பயம் வேறொரு மருந்துக்குப் பொருந்தும். அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள்தான் பழகிப்போகும். சீட்டில் அவையும் இருந்தால் எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்காதீர்கள். எஸ்சிடலோபிராம் அப்படி அடிமையாக்காது. ஆனால் பல வாரம் போட்டபின் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், முன்பே விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்று சொல்வது அம்மாவுக்குக் குற்றச்சாட்டாகவே கேட்கும். ஏற்கெனவே தன்னைப் பாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காமல் தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் கூடவே நடங்கள். கீரை ஆய்வது போன்ற ஒரு சிறு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். மறுத்தால் அன்று விட்டுவிட்டு மறுநாள் கூப்பிடுங்கள்.

‘வாழவே வேண்டாம்னு தோணுதாம்மா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘ஆமாம்’ என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இப்போதைக்கு மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், பூச்சிமருந்து வீட்டிலேயே வேண்டாம். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

அடுத்த முறை போகும்போது தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் சோர்வு நீடிக்கும்.